டான்ஸோவை ஆறாம் ஹொகாகேவாக அறிவித்த தீ நாட்டு டைமியோ: அந்த முடிவு யாருடையது?

கேள்வி – இலைமறை

நருட்டோ மங்காவில், எதிரி நிஞ்ஜாவான பெய்னின் தாக்குதலில் தீ நாட்டின் நிஞ்ஜா ஊரான கொனோஹா தரைமட்டமாகி, ஊர்த்தலைவரான ஐந்தாம் ஹொகாகே சுனாடே நினைவிழந்து கிடக்கும் நாள்களில், தீ நாட்டின் ஆட்சியாளரான டைமியோவின் முன்னிலையில் ஓர் அவசரக் கூட்டம் நடக்கிறது. மூத்த ஆலோசகர்களான ஹொமுராவும் கொஹாருவும், ஜோனின்கள் எனப்படும் உயர்நிலை நிஞ்ஜாக்களின் சார்பில் நாரா ஷிகாகுவும், வேர் என்ற இரகசிய அமைப்பின் தலைவரான டான்ஸோவும் அங்கே இருக்கிறார்கள். ஷிகாகு ஜோனின்களில் ஒருவரான ககாஷியின் பெயரை முன்மொழிகிறார். டான்ஸோ எழுந்து தன் வாதத்தை வைக்கிறார். சில பக்கங்களுக்குள் டைமியோ டான்ஸோவை ஆறாம் ஹொகாகேவாக அறிவித்துவிடுகிறார்.

நருட்டோ தொடர் முழுவதிலும் இந்த டைமியோ தோன்றும் இடங்களை ஒரு கையின் விரல்களுக்குள் எண்ணிவிடலாம். பெயரும் கிடையாது. கையில் விசிறி, தலையில் பெரிய அணி, நீண்ட முகம், இழுத்து இழுத்துப் பேசும் பேச்சு, இவ்வளவுதான் அவரைப் பற்றி நமக்குக் காட்டப்படுகிறது. ஆனால் அவருடைய ஒற்றைச் சொல்லால், ஊரைவிட்டு ஓடிய சசுகேவைக் கொல்ல அனுமதி பிறக்கிறது. ஐந்து நிஞ்ஜா ஊர்களின் தலைவர்களான காகேக்களின் மாநாட்டுக்குக் கொனோஹாவின் சார்பில் டான்ஸோ போகிறார். அதன்பின் நடப்பவை நமக்குத் தெரியும்.

என் கேள்வி இதுதான். பின்னர் நடக்கும் அந்த மாநாட்டில் டான்ஸோ, பிறர் மனத்தை வளைக்கவல்ல ஷிசுயின் கண்ணைக் கொண்டு, மாநாட்டின் நடுவரான மிஃபூனேயின் மனத்தை வளைத்ததை வேறோர் ஊரின் நிஞ்ஜாவான ஆவோ கண்டுபிடிக்கிறார். அதே கண்ணை டைமியோ மீதும் டான்ஸோ பயன்படுத்தியிருப்பார் என்று பல வாசகர்கள் உறுதியாக நம்புகிறார்கள். மங்காவை மட்டும் வைத்துப் பார்த்தால் அந்த நம்பிக்கைக்கு இடம் இருக்கிறதா? இல்லையென்றால், ஒரு மனிதர் தன் நாட்டின் படைபலம் முழுவதையும் டான்ஸோவிடம் கொடுக்க எதைக் கண்டு துணிந்தார்? இன்னொன்றும் கேட்க வேண்டும்: ஒரு நிஞ்ஜாவைக்கூட எதிர்த்து நிற்க முடியாத இவருக்கு, ஹொகாகேவை நியமிக்கும் உரிமை எங்கிருந்து வந்தது?

பதில் 1 – மைக்கறை

ஷிசுயின் கண் பற்றிய கருத்தை முதலில் எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் அது டைமியோவின் பொறுப்பை அவரிடமிருந்து பறித்துவிடும் ஒரு வசதியான விளக்கம் என்று நான் கருதுகிறேன். அந்தக் கண்ணின் வித்தையான கோதோஅமாட்சுகாமியை ஒருமுறை பயன்படுத்திய பின் மறுபடியும் பயன்படுத்தப் பத்து ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டும் என்றும், முதலாம் ஹொகாகேவான ஹஷிராமாவின் சக்ரா உள்ளவருக்கு மட்டுமே அந்தக் காலம் குறையும் என்றும் சசுகேயின் அண்ணன் இடாச்சி பின்னர் விளக்குகிறார். டான்ஸோவின் வலது கையில் ஹஷிராமாவின் செல்கள் இருந்தன. ஆகவே கூட்டத்தில் ஒருமுறையும் மாநாட்டில் ஒருமுறையுமாக அவர் பயன்படுத்தியிருக்க முடியாது என்று நாம் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் முடியும் என்பதற்கும் நடந்தது என்பதற்கும் இடையே பெரிய தூரம் இருக்கிறது. மாநாட்டில் அந்த வித்தையைக் காட்ட விரும்பிய தொடரின் ஆசிரியர் கிஷிமோட்டோ, ஆவோவின் பியாகுகன் என்ற ஊடுருவிப் பார்க்கும் கண்ணின் மூலம் அதை வெளிப்படையாகவே காட்டினார். கொனோஹாவின் கூட்டத்தில் அத்தகைய குறிப்பு எதையும் அவர் வரையவில்லை. அதற்குப் பதிலாக அவர் பக்கங்களைச் செலவிட்டது ஒரு வாதத்துக்காக.

அந்த வாதத்தை ஊன்றிப் படித்தால் டைமியோ ஏன் சாய்ந்தார் என்பது புரியும். ககாஷிக்குச் சார்பாக ஷிகாகு வைக்கும் வலுவான காரணம் அவருடைய குருமரபு. அவர் நான்காம் ஹொகாகேவான மினாட்டோவின் மாணவர். மினாட்டோ ஜிராயாவின் மாணவர். ஜிராயா மூன்றாம் ஹொகாகேவின் மாணவர். டான்ஸோ அந்த மரபையே எடுத்துத் திருப்பி அடிக்கிறார். மூன்றாமவரின் மென்மையான போக்கு அவருடைய மாணவரான ஒரொசிமாருவை வளரவிட்டது, அந்த ஒரொசிமாருவே கொனோஹாவைத் தாக்கி மூன்றாமவரைக் கொன்றார். ஜிராயா பயிற்சி கொடுத்த சிறுவனே வளர்ந்து பெய்னாகி வந்து ஊரை அழித்தான். இப்போதைய ஹொகாகே அதே பள்ளியைச் சேர்ந்தவர், அவருடைய காலத்தில்தான் ஊர் மண்ணோடு மண்ணானது. இவற்றில் பொய் என்று எதைச் சொல்வீர்கள்? டான்ஸோ தன் சொந்தக் குற்றங்களை மறைத்தார் என்பது உண்மை. மழை ஊரின் தலைவர் ஹன்ஸோவோடு சேர்ந்து, நகாட்டோவின் தோழன் யாஹிகோவின் சாவுக்குக் காரணமாகி, பின்னாளில் பெய்னான நகாட்டோவை அந்தப் பாதையில் தள்ளியவர்களில் அவரும் ஒருவர் என்பது நமக்குத் தெரியும். டைமியோவுக்குத் தெரியாது. தன் முன்னால் வைக்கப்பட்ட உண்மைகளை மட்டும் கொண்டு, ஊர் தரைமட்டமான நிலையில் ஓர் ஆட்சியாளர் எடுத்த முடிவு அது. தவறான முடிவு, ஆனால் மயக்கத்தில் எடுத்த முடிவு அல்ல.

இன்னொரு பழக்கத்தையும் கவனியுங்கள். மூன்றாமவர் இறந்தபின், டைமியோவோடு நடந்த அவசரக் கூட்டத்தில் ஜிராயாவை ஐந்தாம் ஹொகாகேவாக முடிவு செய்திருப்பதாக ஆலோசகர்கள் அவரிடமே வந்து சொல்கிறார்கள். ஜிராயா மறுத்துச் சுனாடேயின் பெயரைச் சொன்னதும் அது ஏற்கப்படுகிறது. டான்ஸோ இறந்தபின் ககாஷியின் பெயர் மீண்டும் வரும்போது டைமியோ அதற்கும் தடை சொல்வதில்லை. சுனாடே கண்விழித்த செய்தி வந்ததால்தான் அது அப்போது நின்றுபோகிறது. அவர் தாமாக ஒரு பெயரைத் தேடிக் கொண்டுவருபவர் அல்லர். தம் முன்னால் வைக்கப்படும் பெயர்களில், அந்த நேரத்தின் அச்சத்துக்கு எது பதில் சொல்வது போலத் தோன்றுகிறதோ அதற்கு முத்திரை இடுபவர். அப்படிப்பட்டவரை வெல்ல டான்ஸோவுக்கு ஷிசுயின் கண் தேவையே இல்லை.

பதில் 2 – பனிக்கரை

உரிமை எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு என் பதில்: பணத்திலிருந்து. தொடரின் முதல் சில தொகுதிகளிலேயே கிஷிமோட்டோ இதைப் பல இடங்களில் சொல்லிவிடுகிறார். சண்டைக் காட்சிகளின் வேகத்தில் நாம்தான் கடந்துவிடுகிறோம்.

நருட்டோவும் சசுகேயும் உள்ள ஏழாம் அணி, காணாமல்போன டோரா என்ற பூனையைப் பிடித்துக் கொடுக்கும் காட்சி எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்தப் பூனையைப் பெற்றுக்கொள்ள வருபவர் மேடம் ஷிஜிமி, இந்த டைமியோவின் மனைவி. தொடரின் தகவல் நூலின்படி இத்தகைய மிக எளிய டி நிலைப் பணிக்கான கட்டணம் 5,000 முதல் 50,000 ரியோ வரை. ஆக, ஒன்பது வால் நரியைத் தன்னுள் சுமக்கும் சிறுவனும் உச்சிஹா குலத்தின் கடைசி வாரிசும் ஆட்சியாளர் வீட்டுப் பூனைக்குப் பின்னால் ஓடுகிறார்கள், மூன்றாம் ஹொகாகே அமைதியாக அமர்ந்து அந்தக் கணக்கைத் தீர்க்கிறார். அடுத்த பணியைக் கொண்டுவரும் டசுனாவின் வாயிலிருந்து வருவது இதன் மறுபக்கம். அலை நாடு மிக வறிய நாடு, அங்கே டைமியோவிடமே பணம் இல்லை, ஆகவே பணியின் உண்மையான ஆபத்தை மறைத்துக் குறைந்த கட்டணத்துக்குக் கேட்க வேண்டியதாயிற்று என்கிறார் அவர். பணமுள்ள டைமியோவின் பூனைக்கு ஓர் அணி கிடைக்கிறது. பணமில்லாத டைமியோவின் நாட்டை ஒரு கப்பல் வணிகன் விழுங்குகிறான்.

ஆனால் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது காற்று நாட்டின் கதையை. கொனோஹாவுடன் சமாதான உடன்படிக்கை ஏற்பட்டபின், காற்று நாட்டு டைமியோ படைக்குறைப்பை வேகப்படுத்தி, தன் நாட்டின் நிஞ்ஜா ஊரான சுனாவுக்கான நிதியை வெட்டி, சுனாவுக்கு வர வேண்டிய பணிகளையே கொனோஹாவுக்கு அனுப்பத் தொடங்குகிறார். செலவைக் குறைக்க நினைத்த ஓர் ஆட்சியாளரின் பார்வையில் அது புத்திசாலித்தனம். சுனாவின் பார்வையில் அது பட்டினி. படையின் அளவு சுருங்கியதால், ஒவ்வொரு நிஞ்ஜாவின் வலிமையையும் கூட்டியாக வேண்டிய நிலை வருகிறது. கொனோஹாவை வீழ்த்தினால்தான் தன் ஊர் பிழைக்கும் என்று சுனாவின் தலைவரான நான்காம் கசகாகே ஒரொசிமாருவோடு கைகோக்கிறார். கடைசியில் அவரும் ஒரொசிமாருவின் கையால் சாகிறார், மூன்றாம் ஹொகாகேவும் சாகிறார். இந்தச் சங்கிலியின் முதல் கண்ணி யாருடைய கையில் இருந்தது என்று பாருங்கள். ஒரு முறைகூட நேராகச் சண்டை போடாத, நாம் முகத்தை நன்றாகப் பார்த்திராத ஒரு டைமியோ, கணக்கேட்டில் ஒரு தொகையைக் குறைத்ததால் இரண்டு காகேக்கள் மாண்டார்கள்.

இடைநிலை நிஞ்ஜாவாக உயர்வதற்கான சூனின் தேர்வையும் இந்த இடத்தில் சேர்த்துப் படிக்க வேண்டும். இரண்டாம் சோதனைக்குப் பிறகு மூன்றாமவர் மாணவர்களிடம், இந்தத் தேர்வு போருக்கு மாற்றாக நடப்பது என்றும், இறுதிச் சுற்றைக் காணப் பல நாடுகளின் டைமியோக்களும் முக்கியப் புள்ளிகளும் வருவார்கள் என்றும், வலிமை காட்டும் ஊருக்குப் பணிகள் பெருகும், வலிமை காட்டாத ஊருக்குக் குறையும் என்றும் விளக்குகிறார். பன்னிரண்டு வயதுக் குழந்தைகள் வாடிக்கையாளர்களின் கண்முன்னால் உயிரைப் பணயம் வைக்கிறார்கள் என்பதை ஒரு ஹொகாகேவே ஒப்புக்கொள்ளும் அந்தப் பக்கம், எனக்குத் தொடரிலேயே மிகக் கனமான பக்கங்களில் ஒன்று.

ஆகவே, ஒரு நிஞ்ஜாவைக்கூட எதிர்க்க முடியாதவர் என்று டைமியோவை அளப்பது சரியான அளவுகோல் அல்ல. அவரைக் கொன்றுவிடலாம், ஆனால் அவர் இடத்தை ஒரு நிஞ்ஜாவால் நிரப்ப முடியாது. நிலமும் வரியும் மக்களும் டைமியோவின் ஆளுகையில் இருக்கின்றன. கொனோஹா விதைத்து அறுக்கும் ஊராக எங்கும் காட்டப்படவில்லை; அது கூலிக்குப் போர்த்திறனை விற்கும் ஊர். மைக்கறை சொன்ன கூட்டத்திலும், ஊரைப் புதிதாகக் கட்ட வேண்டிய செலவு எல்லோருடைய தலைக்குமேல் தொங்கிக்கொண்டிருந்தது என்பதை மறக்க வேண்டாம். அந்த நேரத்தில் டைமியோவின் விருப்பத்துக்கு எதிராக யார் ஹொகாகே ஆகியிருந்தாலும், அவர் வெற்றுக் கையோடுதான் இடிபாடுகளின் நடுவில் நின்றிருப்பார்.

இலைமறை

இருவருக்கும் நன்றி. இதைத் தொடர்ந்து ஓர் ஐயம் எழுகிறது. ஊரே டைமியோவின் பணத்தை நம்பியிருக்கிறது என்றால், ஊரின் படைதான் அவருக்குக் காவல். பிறகு ஏன் அவருக்கென்று தனியாகப் பன்னிரண்டு காவல் நிஞ்ஜாக்கள் இருந்தார்கள்? அசுமா மூன்றாம் ஹொகாகேவின் மகனாக இருந்தும் அந்தக் குழுவில் ஏன் சேர்ந்தார்? மேலும், கிஷிமோட்டோ வரைந்த இந்த டைமியோ ஜப்பானிய வரலாற்றில் வாழ்ந்த டைமியோக்களோடு எவ்வளவு ஒத்துப்போகிறார் என்பதையும் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

பதில் 3 – கல்தூண்

காவல் பன்னிருவர் விஷயத்தில் மங்காவையும் அனிமேயையும் பிரித்துப் பார்க்க வேண்டும். மங்காவில் நமக்குக் கிடைப்பது சில வரிகள்தாம். அசுமாவின் இடுப்பில் தொங்கும், தீ என்று எழுதிய துணி அந்தக் குழுவின் அடையாளம். தீக் கோயிலின் தலைமைத் துறவியான சிரிகுவும் அதில் இருந்தவர். அதனாலேயே இருவர் தலைக்கும் கள்ளச்சந்தையில் பெரும் விலை இருந்தது, சிரிகுவுக்கு 3 கோடி ரியோ, அசுமாவுக்கு 3.5 கோடி ரியோ. பணத்துக்குத் தலைகளை வேட்டையாடும் ககுசு அந்தப் பணத்துக்காகத்தான் சிரிகுவின் உடலைச் சுமந்து போகிறார்.

அனிமே இதை ஓர் உள்நாட்டுப் பிளவின் கதையாக விரித்தது. அந்தப் பன்னிருவரில் கசுமா என்பவரின் தலைமையில் ஒரு பிரிவினர், ஒரு நாட்டுக்கு இரண்டு தலைவர்கள் தேவையில்லை என்று முடிவுசெய்து, ஹொகாகேவை அகற்றி எல்லா அதிகாரத்தையும் டைமியோவின் கையில் சேர்க்கச் சதி செய்கிறார்கள். அசுமாவும் சிரிகுவும் எதிர்ப்பக்கம் நின்று அதை முறியடிக்கிறார்கள். இது மூலக் கதையில் இல்லாத இடைச்செருகல் என்றாலும், உங்கள் ஐயத்துக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை. இரண்டு அதிகார மையங்கள் ஒன்றையொன்று நம்பி வாழும்போது, ஆட்சியாளர் தன் படுக்கையறை வாசலிலாவது தனக்கு மட்டுமே கட்டுப்பட்ட காவலரை வைத்துக்கொள்ள விரும்புவார். ஆனால் அந்தக் காவலரும் நிஞ்ஜாக்களே. ஹொகாகேவின் மகன் தந்தையோடு ஒத்துப்போகாமல் ஊரைவிட்டு வந்து அந்தக் குழுவில் சேர்ந்ததும், பிறகு தந்தையின் ஊரைக் காக்கத் தன் தோழர்களையே எதிர்க்க நேர்ந்ததும் அந்தச் சிக்கலின் உருவம்தான். கசுமாவின் சதியில் டைமியோவுக்குப் பங்கு இருந்ததாகக் காட்டப்படவில்லை. அவர் பெயரில் மற்றவர்கள் முடிவெடுக்கிறார்கள். மைக்கறை காட்டிய பழக்கம் இங்கேயும் பொருந்துகிறது.

வரலாற்றுக்கு வருகிறேன். எடோ காலத்தில் ஆண்டுக்குக் குறைந்தது 10,000 கொக்கு (அரிசியை அளக்கும் அலகு) அரிசி விளைவதாக மதிப்பிடப்பட்ட நிலத்தை, நாட்டை ஆண்ட படைத்தலைவரான ஷோகனிடமிருந்து நேரடியாகப் பெற்றவரே டைமியோ எனப்பட்டார். அவர்களின் எண்ணிக்கை காலத்துக்கேற்ப மாறியது, பிற்காலத்தில் ஏறக்குறைய 260 ஆக இருந்தது. 1635ஆம் ஆண்டில் முறைப்படுத்தப்பட்ட சட்டத்தின்படி அவர்கள் ஓர் ஆண்டு ஷோகனின் தலைநகரான எடோவிலும் மறு ஆண்டு தம் நிலத்திலும் மாறி மாறி வாழ வேண்டியிருந்தது. குடும்பத்தினர் எடோவிலேயே பிணைபோல இருந்தனர். 1871இல் மெய்ஜி அரசு அந்த நிலப்பிரிவுகளை ஒழித்தது. அவர்கள் போர்வீரர் குலத்தினர். அதற்கு முந்தைய போர்க்காலத்தில் ஒரு டைமியோ தானே குதிரைமீதேறிக் களத்துக்குப் போவார். தீ நாட்டு டைமியோவின் மீது வாளையோ கவசத்தையோ நாம் பார்ப்பதில்லை.

நிஞ்ஜாக்களின் பக்கத்திலும் கிஷிமோட்டோ வரலாற்றைத் தலைகீழாக்கியிருக்கிறார். நிஞ்ஜாக்களுக்குப் பெயர்பெற்ற இகா பகுதியின் வீரர்கள் புகழ்பெற்றதற்கு ஒரு காரணமே, அங்கே வலுவான டைமியோ ஒருவரும் வேரூன்றாமல், சிறு நிலவுடைமைக் குடும்பங்கள் கூட்டாக ஊரை நடத்தியதுதான். 1579இல் போர்த்தலைவர் ஓடா நொபுனாகாவின் மகன் நொபுகட்சு படையெடுத்துத் தோற்றார். 1581இல் நொபுனாகா பெரும்படையோடு வந்து இகாவை அழித்தார். அடுத்த ஆண்டு நொபுனாகா மாண்டபோது, டொகுகாவா இயெயாசு இகா மலைவழியாகத் தப்பிச் சென்றதில் அந்தப் பகுதி வீரர்கள் துணைநின்றார்கள் என்பதும், அதன்பின் அவர்கள் அவரிடம் பணியில் சேர்ந்தார்கள் என்பதும் இகா வீரர்களின் தலைவரான ஹட்டோரி ஹன்ஸோவின் பெயரோடு சேர்த்து நினைக்கப்படும் செய்தி. டைமியோ இல்லாததால் தலையெடுத்தவர்கள், டைமியோவின் கீழ் வேலைக்காரரானார்கள். நருட்டோவின் உலகம் அந்த இரண்டாம் நிலையிலிருந்தே தொடங்குகிறது.

அப்படியானால் தீ நாட்டு டைமியோவின் மாதிரி யார்? என் கருத்தில் அவர் கியோட்டோ அரசவைக்கு நெருக்கமானவர். 1192இல் மினமோட்டோ யொரிட்டோமோவையும் 1603இல் டொகுகாவா இயெயாசுவையும் ஷோகனாக நியமித்தது அரசவை. வாள் ஷோகனிடம் இருந்தது. ஆனால் அந்தப் பட்டம் அரசவையிலிருந்து வந்தாக வேண்டும். இயெயாசு 1600இல் செகிகஹாராவில் வென்றுவிட்ட பிறகும் அந்த நியமனத்தைப் பெறுவது அவருக்கு முக்கியமாக இருந்தது. விசிறியும் தளர்ந்த ஆடையும் மெதுவான பேச்சுமாகக் கிஷிமோட்டோ வரைந்த உருவமும் போர்வீரரைவிட அரசவைப் பிரபுவையே நினைவூட்டுகிறது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு: அரசவையிடம் பெரும்பாலும் பணம் இருந்ததில்லை. இந்த டைமியோவிடம் இருக்கிறது. ஆகவே பனிக்கரை சொன்ன பொருள்பலமும் நான் சொல்லும் பட்டம் வழங்கும் உரிமையும் ஒரே மனிதரிடம் சேர்ந்திருக்கின்றன.

பதில் 4 – ஆற்றுமேடு

மற்றவர்கள் எழுதியதை மதிக்கிறேன், ஆனால் மைக்கறை டைமியோவிடம் சற்று அதிகமாகவே இரக்கம் காட்டுகிறார் என்று தோன்றுகிறது. டான்ஸோவின் கடந்தகாலம் அவருக்குத் தெரியாது என்பதை ஒப்புக்கொண்டாலும், அதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது அவருடைய கடமை. ஊரின் ஜோனின்களின் குரலாக ஷிகாகு நேரில் அமர்ந்திருக்கிறார். பெய்னை எதிர்த்து நின்ற நிஞ்ஜாக்கள் ஊரின் இடிபாடுகளில் இருக்கிறார்கள். ஊர் அழியும் நேரத்தில் வேர் அமைப்பின் படை எங்கே இருந்தது என்ற ஒரு கேள்வியை அவர் கேட்டிருந்தால் போதும், டான்ஸோவின் வாதம் அங்கேயே ஆட்டம் கண்டிருக்கும். சண்டையில் இறங்காமல் வேர் உறுப்பினர்களை மண்ணுக்கடியில் வைத்திருந்தவர் அவர். நருட்டோவை அழைக்க, அவன் பயிற்சி பெற்ற மியோபோகு மலைக்குச் செல்லவிருந்த தூதுத் தேரையைக் கொன்றவரும் அவர். கேள்வி கேட்காமல் நம்பும் ஆட்சியாளர் ஏமாந்தவராகமட்டும் இருக்க முடியாது. ஏமாற்றத்துக்கு இடங்கொடுத்தவரும் அவரே.

அடுத்த தலைமுறைக் கதையான போருட்டோவில் இந்த அலட்சியத்தின் வேறொரு வடிவத்தைப் பார்க்கலாம். அங்கே தீ நாட்டு டைமியோவுக்கு மடோகா இக்கியூ என்று பெயரும் டென்டோ என்ற மகனும் உண்டு. அந்த மகனுக்குக் காவலாக நருட்டோவின் மகன் போருட்டோ அமர்த்தப்படுகிறான். தந்தைக்கு வேலை மிகுதி, மகனுக்குத் தனிமை மிகுதி. வீட்டிலேயே இருக்கும் உதவியாளர் யமவோகாவின் இடத்தில் முஜினா கொள்ளையரின் தலைவன் ஷோஜோஜி உருமாறி நுழைந்துவிடுகிறான், சிறுவன் கடத்தப்படும்வரை அது யாருக்கும் தெரிவதில்லை. பணத்தால் காவலை வாங்கியவர் தன் வீட்டுக்குள் யார் இருக்கிறார் என்று பார்க்கவில்லை. இருவரும் வேறு வேறு மனிதர்கள், ஆனால் பதவி ஒன்றுதான், குறையும் ஒன்றுதான்.

பதில் 5 – மைக்கறை

ஆற்றுமேடு சொன்ன வேர் அமைப்பு பற்றிய கேள்வி நியாயமானது. அதை ஷிகாகுவாவது எழுப்பியிருக்கலாம் என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். இருந்தாலும் டைமியோவின் அறிவிப்போடு எல்லாம் முடிந்துவிட்டதாக இந்த உரையாடல் போய்க்கொண்டிருப்பதால், அந்த நியமனத்தின் சட்டநிலை பற்றி ஒன்றைச் சொல்ல வேண்டும். டைமியோவின் ஒப்புதலுக்குப் பிறகு ஜோனின்களின் நம்பிக்கை வாக்கும் கிடைத்தால்தான் ஒருவர் முறைப்படி ஹொகாகே ஆவார். டான்ஸோ மாநாட்டுக்குப் புறப்பட்டபோது அந்த வாக்கு நடந்திருக்கவில்லை. மற்றக் காகேக்கள் அவரை ஹொகாகே என்றே அழைத்தார்கள், அவரும் அந்தத் தொப்பியோடுதான் போனார், ஆனால் சசுகேயோடு நடந்த சண்டையில் அவர் இறக்கும்வரை அவர் வேட்பாளர் மட்டுமே. அதனால்தான் ஹொகாகேக்களின் முகங்கள் உள்ள மலைமுகட்டில் அவருடைய முகம் செதுக்கப்படவில்லை. போருக்குப் பின் ககாஷி ஆறாம் ஹொகாகே என்றும் நருட்டோ ஏழாம் ஹொகாகே என்றும் எண்ணப்படுகிறார்கள்.

ஊர் தோன்றிய காலத்தை நினைவுகூரும் பகுதியில், தன் தோழன் மதாராவைத் தலைவராக்க ஹஷிராமா விரும்பியபோது, இனி அப்படி ஒருவர் விருப்பப்படி முடிவெடுக்க முடியாது, தீ நாட்டோடும் ஊர் மக்களோடும் கலந்தே முடிவாகும் என்று ஹஷிராமாவின் தம்பி டொபிராமா தடுக்கிறார். இரண்டு பூட்டுகள் அப்போதே போடப்பட்டுவிட்டன. டான்ஸோ திறந்தது டைமியோவின் பூட்டை மட்டும். மற்றொன்று ஷிகாகுவைப் போன்றவர்களின் கையில் இருந்தது, அவர்கள் அதைத் திறந்துகொடுத்திருப்பார்களா என்று எனக்கு மிகுந்த ஐயம் உண்டு.